முதல் தம்ளரைக் கொட்டுகிறவர்

சனிக்கிழமை காலை ஆறு இருபது. நான் முதலில் பார்த்தது பூட்ஸ் தடங்களை. முந்தின நாள் பெய்த மழையில் ஊறியிருந்த மண்ணில், எதிர்வீட்டு கேட்டிலிருந்து வீட்டின் பின்பக்கம் வரை மூன்று பேருடைய தடங்கள் பதிந்திருந்தன. ஆரணியிலிருந்து சேவூர் போகிற சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் பூட்ஸ் போடுகிறவர்கள் யாரும் இல்லை.

பின்பக்கம் போனேன். ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கேஸ் அடுப்பின்மேல் செம்புப் பானை ஒன்று. அதன் வாயிலிருந்து நீண்ட கழுத்து எழும்பி, வளைந்து, குழாயாகி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்முக்குள் சுருண்டு, அடியில் வெளியே வந்தது. குழாயின் முனையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னாம்மா இது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"செம்புப் பாத்திரம் சார்."

"அது எனக்குத் தெரியாதா? இன்னா காய்ச்சறேன்னு கேட்டேன்."

"தண்ணி சார்."

"அத்தான் நானும் கேக்கறேன். எந்தத் தண்ணி?"

கான்ஸ்டபிள் ஒருவர் துணியைப் பிடித்து மூடியைத் திறந்தார். உள்ளே கொதித்தது ரத்தச் சிவப்பாக இருந்தது.

"கலரு வேற போட்டிருக்குது சார்."

"பட்டுச் சாயம் சார் அது," என்றார் எதிர்வீட்டுப் பெண். குரலில் பதற்றமில்லை. வகுப்பில் விளக்குகிறவர் மாதிரி சொன்னார். "உள்ள எவ்ளோ சாயம் இருந்தாலும் வெளிய வர்ற தண்ணி பளிச்சுனு வரணும். நீங்களே பாருங்க."

குழாயின் கீழே எவர்சில்வர் தம்ளரைப் பிடித்தார். பாதி நிரம்பியதும் சாக்கடையில் ஊற்றினார்.

"ஏய், ஏய்! இன்னா கொட்டற? எவிடென்ஸ அழிக்கிறியா?"

"இல்ல சார். மொதல்ல வர்றத கொட்டிடணும்."

மதுவிலக்குப் பணியில் தலை நரைத்த ஒருவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அதுதான். ஏரிக்கரைப் புதரில் சாராயம் காய்ச்சிப் பிடிபடுகிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது தம்ளர் கண்ணாடி மாதிரி தெளிவாக நிரம்பியது. சப்-இன்ஸ்பெக்டர் மோந்து பார்த்துவிட்டு கான்ஸ்டபிளிடம் நீட்டினார். "சார், நான் சுகர் மாத்திரை போட்டுகினு இருக்கேன் சார்," என்று அவர் பின்வாங்கினார். எதிர்வீட்டுப் பெண்ணே அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துக் காட்டினார். "உப்பு சப்பில்லாம இருக்கும் சார். அவ்ளோதான்."

அடையாள அட்டை, கம்பெனிக் கடிதம், பெங்களூருக்கு ஒரு போன். ஒரு மணி நேரத்தில் போலீஸ் போய்விட்டது. போகும்போது சப்-இன்ஸ்பெக்டர், "படிச்ச பொண்ணு, இத்த எங்கியாவது தூரமா வெச்சுக் காய்ச்சக்கூடாதா?" என்று கேட்டார்.

எதிர்வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர். பெங்களூருக்கு வெளியே ஒரு பீர் ஆலையில் தரப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி ஆரணிக்கு வருவார். ஞாயிறு மதியம் திரும்புவார். தெருவில் அவருக்கு 'பீர் மேடம்' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். "பீர் மேடம் இல்லீங்க, இனிமே விஸ்கி மேடம்," என்று அவரே ஒருநாள் திருத்தினார். ஆலையின் ஒரு மூலையில் சிறிய வடிசாலை ஒன்று தொடங்கப்போகிறார்கள், பீருக்கு ஊறவைக்கிற அதே மால்ட்டைப் புளிக்கவைத்து விஸ்கியாக வடிக்கப்போகிறார்கள், அதற்கான வாலையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தனக்கு வந்திருக்கிறது என்றார். வாலை என்றால் அந்தச் செம்புப் பானையும் கழுத்தும் குழாயும் சேர்ந்த மொத்தம்.

பின்பக்கத்தில் இருந்தது ஒரு கம்பெனி அனுப்பிய சின்ன மாதிரி. தீ கூடினால் நுரை கழுத்தில் ஏறும். ஏறினால் கீழே இருக்கும் கசடும் கூடவே வரும். பானையில் சாயம் கலந்து கொதிக்கவைத்தால், வெளியே வருகிற நீர் எந்தக் கட்டத்தில் இளஞ்சிவப்பாகிறதோ அதுதான் அந்தக் கழுத்தின் எல்லை. சாயப்பொடியை இரண்டு வீடு தள்ளி நூலுக்குச் சாயம் போடுகிறவரிடம் வாங்கியிருந்தார். சோதனை எளிமையானது, சரியானது. ஆலையில் வடிசாலைக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை, அங்கே வெறும் தண்ணீரைக்கூட வாலையில் ஊற்றக்கூடாது என்றார்கள் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்னால் செம்புப் பானையிலிருந்து ஆவி எழும்பினால் தெரு என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல கெட்டிக்காரர்களுக்கு மட்டும் வாய்க்கிற தவறு அது.

முதலில் வருவதைக் கொட்டுவது வாலைக்காக வந்த பழக்கமல்ல. குழாயைத் திறந்தால் முதல் குவளை தண்ணீர் செடிக்குப் போகும். டீக்கடையில் முதல் வாயைத் தரையில் சாய்த்துவிட்டுத்தான் குடிப்பார். கடைக்காரர் ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டு பிறகு அளவைச் சற்றுக் கூட்டி ஊற்றப் பழகிக்கொண்டார். முதல் தோசை அவர் வீட்டில் தட்டுக்கு வராது. பேனா வாங்கினால் முதல் வரியைச் செய்தித்தாளின் ஓரத்தில் கிறுக்குவார். ஆரணி பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் வந்து நின்றால், உட்கார இடமிருந்தும் ஏறமாட்டார், அடுத்ததில் ஏறுவார்.

"பஸ்ல இன்னாங்க கசடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாதுண்ணா. கால் ஏற மாட்டேங்குது."

மாப்பிள்ளை பார்த்த கதையையும் அப்படியே சொன்னார். "மொத வந்தவரு நல்லவருதான். ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியில வேல. வேணாம்னுட்டேன். ரெண்டாவது ஆளு வரவேயில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

காரணத்தை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். போலீஸ் வந்துபோன அன்று மதியம், என் மனைவி கொடுத்த சாப்பாட்டை முடித்துவிட்டு.

அவருடைய ஊர் வந்தவாசி போகும் வழியில் சாலையிலிருந்து விலகிய ஒரு கிராமம். நிலமில்லாத குடும்பம். அப்பா நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, "கதவத் தொறங்கடி, இருட்டா கீது," என்று அப்பா கத்தினார். கதவு திறந்துதான் இருந்தது. வெயில் அவர் காலடி வரை வந்திருந்தது. மதியத்துக்குள் அவரும், அவரோடு அதே இடத்தில் வாங்கிக் குடித்த இன்னும் சிலரும் போய்விட்டார்கள். காய்ச்சினவன் முதலில் வந்ததைக் கொட்டாமல் விற்றுவிட்டான், முதல் சாராயம் கண்ணைத் தின்னும் என்று ஊர் பேசியது. பத்து வயதுப் பெண் அதை மனதில் போட்டுக்கொண்டது.

"அது தப்புண்ணா. காலேஜ் வந்தப்பறம் தெரிஞ்சிகினேன். மொதல்ல வர்றது நெயில் பாலீஷ் மாதிரி நாறும், தலவலி வரும், அதுக்காகத்தான் பிரிச்சு எடுக்கறோம். எங்கப்பாவக் கொன்னது காய்ச்சினதே இல்ல. எவனோ பேக்டரியிலேந்து கேன்ல எடுத்தாந்து கலந்த மெத்தனால். நான் மொதத் தம்ளரக் கொட்டினாலும் கொட்டாங்காட்டியும் அந்த ஆளு செத்துத்தான் இருப்பாரு." தட்டில் விரலால் கோடு போட்டார். "எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல."

அந்த ஊரில் அம்மா தனியாக இருந்தார். மகளின் வேலை என்னவென்று தெரிந்த நாளிலிருந்து மகள் வாங்கி வந்த எதையும் தொடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனார். ரேஷன் அரிசி பொங்கிச் சாப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து முதலில் எடுத்துப்போன ஆரணிப் பட்டுப் புடவை, பிரிக்காத உறையோடு அம்மன் கோவில் பூசாரி வீட்டுக்குப் போனது. "உங்கப்பன எது தின்னுச்சோ அதுதான் உனக்குச் சோறு போடுது. அந்தச் சோறு எனக்கு எறங்காதுடி," என்றாராம். மகளின் ஆரணி வீட்டில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. மகள் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே அம்மாவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கத்தான்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் யாரோ மாடியிலிருந்து செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். செம்புப் பானை, போலீஸ், கையில் தம்ளரோடு அவர். பதினொரு மணிக்கு அது வந்தவாசிப் பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் அம்மா அதைப் பார்த்தார். மகள் போன் செய்தபோது, "இன்னாத்துக்குடி கூப்புடற? ஊரே பாத்துடுச்சு," என்று வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை நான் அப்போது பாதிதான் அறிந்திருந்தேன். மீதியை அவர் பின்னால் சொன்னார்.

மாமா ஒருவர் இருந்தார், அம்மாவின் தம்பி. அவர் நடுவில் நின்று பேசினார். வாலைகளில் ஒரு வகை உண்டு. அதில் குழாயின் முனை திறந்த வெளியில் சொட்டாது. பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் சொட்டும். முதலில் வருவது ஒரு பக்கமும், நடுவில் வருகிற நல்லது இன்னொரு பக்கமும், கடைசி வேறு பக்கமும் பெட்டிக்குள்ளேயே பிரிந்து போகும். பெட்டிக்குப் பூட்டு. யாரும் விரல் நீட்டவோ எதையும் கலக்கவோ முடியாது. இதை மகள் மாமாவிடம் சொன்னார். மாமா அக்காவிடம் சொன்னார். பதில் வர ஒரு வாரமானது.

"பூட்டு இருக்குது, எவனும் கை வெக்க முடியாதுன்னா, வந்து ஒருவாட்டி பாக்கறேன்னு சொல்லுதும்மா உங்கம்மா. பாத்துட்டு சரியா இருந்தா உன் ஊட்ல ஒரு வாய் சாப்புடுதாம். அதுக்கு மேல என்னக் கேக்காத."

பல வருடங்களில் அம்மா விட்ட ஒரே இடைவெளி அதுதான். அன்றிலிருந்து மகளுக்கு வாலை என்றால் அந்தப் பூட்டுதான்.

மூன்று வாலைகள் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. ஒன்று எஃகுக் கோபுரம். விலை குறைவு, ஆனால் செம்பு பட்டால்தான் போகிற கந்தக வாடை அதில் போகாது. இரண்டாவது முழுக்கச் செம்பு, வயிற்றில் பெரிய வட்டக் கண்ணாடிகள், முகம் பார்க்கிற பளபளப்பு, திறந்த குழாய் முனை. மூன்றாவதும் செம்பு, பார்க்கச் சாதாரணம், பூட்டுப் பெட்டி உள்ளது. ஆலை முதலாளியின் மகனுக்கு இரண்டாவதுமேல் ஆசை.

"மேடம், விசிட்டருங்க பாக்க வருவாங்க. ஒழுகறத கண்ணால பாக்கணும், விரலால தொட்டு நாக்குல வெக்கணும். அதுதான் ஷோ. பெட்டிக்குள்ள பூட்டிட்டா இன்னா இருக்கு?"

"தொடக்கூடாதுன்னுதான் சார் பெட்டியே."

"அப்பாவும் பார்ட்னருந்தான் முடிவு பண்ணுவாங்க. எழுதி அனுப்புங்க. ஷார்ட்டா, ரெண்டு பக்கம்."

அவர் எழுதியது பதினொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் கொண்டுவந்தார். நான் நாளிதழில் பிரதி திருத்துகிறவன். நீளமானதைச் சுருக்குவது என் வேலை. "ரெண்டு பக்கமா ஆக்கிக் குடுங்கண்ணா. சாயந்திரத்துக்குள்ள போவணும்," என்றார். ஞாயிறு மதிய பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

செய்தியை நாங்கள் வாலிலிருந்து வெட்டுவோம். முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும். கீழே போகப்போகக் கனம் குறையும். இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து கத்தரிக்கலாம், எதுவும் கெடாது. நான் அப்படியே செய்தேன். முதல் பக்கங்களில் சாயச் சோதனையின் அளவுகள், நீராவி, செம்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் இருந்தன. அவற்றைச் சுருக்கி வைத்துக்கொண்டேன். கடைசி நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு, 'பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்த விவரங்களைக் கேட்டால் அனுப்ப இயலும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அவருடைய போனுக்கு அனுப்பி, பார்த்துவிட்டு மேலே அனுப்பச் சொன்னேன். அவர் பஸ்ஸில் இருந்தார். பார்க்கவில்லை. "நீங்க பேப்பர்காரரு, சரியாத்தான் இருக்கும்," என்று பதில் போட்டுவிட்டு அப்படியே ஆலைக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்து மேசைமேல் இரண்டு கற்றைகளை வைத்தார். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. ஆலையில் இரண்டாவது வாலைக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். நான் அவருடைய கடைசிப் பக்கத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். பூட்டைப் பற்றிய எல்லாம் அதில் இருந்தது. அவருடைய அப்பாவும் இருந்தார், பெயரில்லாமல், 'இவ்வகை விபத்தில் உயிரிழந்த ஒரு கூலித் தொழிலாளி' என்று.

"இத்த ஏம்மா கடைசியில வெச்சீங்க?"

"நான் எப்பவும் அப்படித்தாண்ணா எழுதுவேன். மொதப் பக்கத்துல இருக்கறத யாரு நம்புவாங்க?"

அவருக்கு முதலில் வருவது கொட்டுவதற்கு. எனக்குக் கடைசியில் வருவது. இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தோம்.

"நீங்க வெட்டினதால இல்லண்ணா," என்றார், நான் கேட்காமலேயே. "முழுசாப் போயிருந்தாலும் அவங்க அத்தத்தான் வாங்கியிருப்பாங்க." இருக்கலாம். மாறாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

பூட்டு இல்லை என்று மாமாவிடம் மறைக்காமல் சொன்னார். ஆனால் தானே குழாயடியில் நிற்கப்போவதாகவும், யார் கையும் படவிடமாட்டேன் என்றும் சொன்னார். அம்மாவின் பதில் அன்று மாலையே வந்தது. "அது லீவுல வந்தா அன்னிக்கு யாரு நிப்பா, கேளு."

அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில், லீவே எடுக்காமல் இருப்பது. வாலை வந்து இறங்கி லைசென்ஸும் கிடைத்த பிறகு அவருடைய வெள்ளிக்கிழமைப் பயணங்கள் நின்றுபோயின. வாரத்தில் நான்கு நாள் வாலை ஓடியது. ஓடுகிற நாளெல்லாம் காலை முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை ஆறேழு மணி நேரம் குழாயருகில் நின்றார். மீதி நாட்களில் பரிசோதனைக் கூடம். விரல் நீட்டிய விசிட்டர்களை அவர் தடுத்ததாக முதலாளிக்குப் புகார்கள் போயின. ஆலையில் அவருக்கு 'பூட்டு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். போனில் இதைச் சொன்னபோது, "தெருவுல சொல்லிடாதீங்க, மறுபடியும் பேர மாத்தணும்," என்றார். எதிர்வீட்டில் வாசல் பெருக்க ஆள் வந்துபோனது. வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை.

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. அதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மாமா இரண்டு முறை ஆரணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவே தடுத்ததாக மாமா பின்னால் சொன்னார். "அது நின்னுகினு இருக்கட்டும். நிக்கறேன்னு சொல்லிச்சு இல்ல." அதில் கேலி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று மாமாவுக்கு விளங்கவில்லை. மகள் அந்த வாக்கியத்தை மாமாவிடம் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அம்மா போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு. மகளுக்கு போன் வந்தது பத்து மணிக்கு. வாலை ஓடிக்கொண்டிருந்தது. நீராவியை அடைத்தார். அடைத்த பிறகும் குழாயில் கொஞ்ச நேரம் வரும். அது நிற்கும் வரை நின்றார். கதவைப் பூட்டிச் சாவியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்ப நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று நேரங்களை வரிசையாகச் சொல்லி எனக்கு நிரூபித்தார்.

ஆரணியில் நானும் சேர்ந்துகொண்டு, சாலையிலிருந்து ஊருக்குள் போகிற வழியில் அவரோடு நடந்தேன். ஆரணியில் இறங்கியபோது ஒரு மாலையும், மண்டித் தெருவில் ஒரு பை பொன்னி அரிசியும் வாங்கியிருந்தார். பையை என்னிடம் தரவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மாமா அதை வாங்கிச் சுவரோரம் வைத்தார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். மகளை முதலில் போகச் சொன்னார்கள். அவர் தயங்கினார், மாமாவின் மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

வாய்க்கரிசிக்கு எடுத்தது அம்மாவின் பானையிலிருந்த ரேஷன் அரிசி.